ஒரு தெரு நீளச் சுரங்கம்

அக்கா,

இன்று காலை எங்கள் அலுவலகத்தில் காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் ஒன்று உடைந்தது. பியூன் அதைத் துடைத்து வைக்க எடுத்திருக்கிறான். சுகாதார அலுவலகத்தில் ஒரு பொருளைத் துடைப்பது அபூர்வம் என்பதால் அவனுக்குப் பழக்கம் போதவில்லை. பாதரசம் மேஜை முழுதும் மணிமணியாக ஓடியது. வலது கையால் வளைத்துப் பிடிக்கப் பார்த்தான். பாதரசம் பிடிபடவில்லை, அதுதான் அவனுடைய கல்யாண மோதிரத்தைப் பிடித்துக்கொண்டது. அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மஞ்சள் மோதிரம் வெளுத்துப்போனது.

"அய்யய்யோ முசியே, மாமனார் போட்ட மோதிரம் ஈயமா பூடுச்சே!"

பிறகு ஒரு கந்தைத் துணியால் மேஜையை வழித்து, சன்னலுக்கு வெளியே சாக்கடையில் உதறப் போனான். நான் எழுந்து நின்று கத்தினேன். என் உத்தியோகத்தில் நான் கத்தியது இதுதான் முதல் தடவை. அடுத்த அறையிலிருந்து எங்கள் மேலதிகாரி செஃப் எட்டிப்பார்த்தார். தீப்பிடிக்கவில்லை என்று தெரிந்ததும் திரும்பிப் போய்விட்டார். ஒரு தபால் அட்டையை வளைத்து, மணிகளை ஒன்றோடொன்று சேரும்படி தள்ளி, ஒரே துளியாக்கி, தண்ணீர் ஊற்றிய மைக்குப்பியில் இறக்கி மூடினேன்.

"ஒரு சொட்டுக்கா இம்மாஞ் சத்தம்?" என்றான் பியூன்.

"ஒரு சொட்டுக்குத்தான்" என்றேன்.

அது என் பேச்சு இல்லை, உங்கள் பேச்சு. நீங்கள் போய் ஒன்பது மாதமாகிறது. என் வாயை இன்னும் நீங்கள்தான் நடத்துகிறீர்கள்.

முதன்முதலாக நீங்கள் எங்கள் படியேறி வந்தபோது பிரெஞ்சுக் கொடி இறங்கி இந்தியக் கொடி ஏறி ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. கொடியை மாற்றுவது அரை நாள் வேலை. கோப்புகளை மாற்றுவது அப்படியல்ல. எங்களிடம் பூர்த்தி செய்கிற பாரங்களில் பழையவை பிரெஞ்சில் இருந்தன. புதிய பாரங்கள் இங்கிலீஷில் வந்துகொண்டிருந்தன. புகார் சொல்ல வருகிறவர்கள் தமிழில் பேசினார்கள். இந்த மூன்றும் ஒன்றையொன்று சந்தித்துவிடாமல் பார்த்துக்கொள்வது என் உத்தியோகம்.

"புகார் குடுக்கணும்" என்றீர்கள்.

"யார் மேல?"

"என் ஊட்டு மேல."

"பக்கத்து வீட்டு மேலயா?"

"என் ஊடு. நான் குடியிருக்கிற ஊடு. காது கேக்குதா முசியே?"

"கேக்குது. என்ன புகார்?"

"புகை. மேல பட்டா ஆவாத புகை."

"யாரு போடுறாங்க?"

"நான்தான்."

பேனாவைக் கீழே வைத்தேன். பாரத்தில் புகார் கொடுப்பவர் பெயருக்கு ஒரு கோடு, யார் மேல் புகாரோ அவர் பெயருக்கு ஒரு கோடு. இரண்டிலும் ஒரே பெயரை எழுத வழியில்லை என்று விளக்கினேன். "ஏன், தப்பு பண்றவன் தானா வந்து சொன்னா உங்க காகிதம் எடுத்துக்காதா?" என்று கேட்டீர்கள். செஃப்பிடம் போய்க் கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றி, நெடுநேரம் யோசித்து, "அந்த அம்மாளை நாளைக்கு வரச் சொல்" என்றார். இரண்டு ராஜ்யங்களிலும் அவருடைய பதில் இதுதான். அதனால் இரண்டிலும் அவர் சௌக்கியமாக இருந்தார்.

நீங்கள் நாளைக்கு வரவில்லை. அன்றைக்கே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டீர்கள்.

உங்களைவிட இரண்டு வயது இளையவன் என்று தெரிந்ததும் அக்கா என்று கூப்பிட ஆரம்பித்தேன். நீங்கள் கடைசிவரை என்னைப் பிரெஞ்சுத் துரைகளைக் கூப்பிடுவதுபோல முசியே என்றுதான் அழைத்தீர்கள். "வெள்ளைக்காரன் போயிட்டான் அக்கா, நான் சாதாரண குமாஸ்தா" என்றால், "அவன் போனா என்னா, நாற்காலி போவலியே" என்பீர்கள்.

புதுச்சேரியில் தங்கச் சுரங்கம் இருப்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். நீளம் ஒரு தெரு. ஆழம் ஒன்றரை அடி. மற்றவர்கள் அதைச் சாக்கடை என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். பத்தர்கள் நகை செய்கிற தெரு அது. அரம் தேய்க்கும்போது பறக்கிற தூள் பாயில் விழும், வேட்டியில் ஒட்டும், காலோடு வாசலுக்கு வரும், கழுவிவிட்டால் சாக்கடைக்குப் போகும். அந்தச் சேற்றையும் பட்டறைக் குப்பையையும் அள்ளிக் கொண்டுவந்து, மரத்தட்டில் அலசி அலசி, மண்ணை ஓடவிட்டுக் கனத்தை நிறுத்துவீர்கள். அடியில் நிற்கும் கறுப்பு மண்ணில் பாதரசத்தை விட்டுக் கையால் பிசைவீர்கள். தங்கம் எங்கே ஒளிந்திருந்தாலும் பாதரசம் தேடிப்போய் விழுங்கிக்கொள்ளும். மறுபடி அலசி, துணியில் கட்டிப் பிழிந்தால் வெள்ளை உருண்டை ஒன்று மிஞ்சும். அதைக் கரி அடுப்பில் வைத்து ஊதினால் பாதரசம் புகையாகப் போய்விடும்; தட்டில் மிளகளவு மஞ்சள் நிற்கும். இப்படி ஆறு வீடுகள். ஆறும் அடுத்தடுத்து, பின்கட்டில் அடுப்புகளோடு.

உங்கள் வீட்டுக்காரர் இதைக் கோலாரில் கற்றுக்கொண்டு வந்தவர். அங்கே ஆலையில் பாறையை மாவாக்கி, மாவிலிருந்து தங்கத்தைப் பிரிக்கிற இடத்தில் வேலை பார்த்திருக்கிறார். "பெரிய சுரங்கத்துல மலைய உடைக்கிறாங்க தம்பி, நாங்க சாக்கடைய உடைக்கிறோம். மிச்சம் ரெண்டுக்கும் ஒண்ணுதான், புகையும் சேறும்" என்று அவர் என்னிடம் சொன்னது உங்கள் வீட்டுப் பின்கட்டில். அன்று மாலையே நான் பார்க்க வந்திருந்தேன். எந்தப் பாரமும் இல்லாமல் நான் போன முதல் சோதனை அது.

அவருக்கு நீங்கள் காபி கொடுத்தீர்கள். குவளையில் பாதிதான் ஊற்றியிருந்தீர்கள். ஏன் பாதி என்று யோசிப்பதற்குள் அவர் அதை எடுத்தார். குவளை அவர் கையில் ஆடியது, ஓடுகிற வண்டியில் உட்கார்ந்திருப்பவர் கையில் ஆடுவதுபோல. பாதி ஊற்றினால் சிந்தாது; சிந்தாவிட்டால் வந்தவர்கள் கவனிக்க மாட்டார்கள். அதற்காகத்தான் அந்தப் பாதி. அவருடைய ஈறு கறுத்திருந்தது. முன்பல் இரண்டு இல்லை. அடுப்புக்கு மேலே சாய்ந்திருந்த முருங்கைக் கிளை மட்டும் மொட்டையாக இருந்தது. மற்றக் கிளைகள் நன்றாகவே இருந்தன.

"பொண்ணு வர்றா" என்றீர்கள்.

உங்கள் மகளுக்கு அது முதல் பிள்ளை. ஏழாம் மாதம் வளையல் அடுக்கி, தாய்வீட்டுக்கு அழைத்து வரவேண்டும். ஒன்றரை மாதம் இருந்தது.

"கூப்பிடலன்னா சம்பந்தி ஊட்டுல என் மொகத்துல முழிக்க மாட்டாங்க. கூப்பிட்டா இந்தப் புகையிலதான் அவ மூணு மாசம் கெடக்கணும். இவரு கையப் பாத்தீங்கல்ல? பெரிய ஆம்பளைக்கே இப்டின்னா, வயித்துக்குள்ள நாலு விரக்கடை இருக்கிறது என்னா பண்ணும்?"

"அதுவரைக்கும் தொழிலை நிறுத்திட்டா?"

"நிறுத்தச் சொல்லி எழுதாதீங்க முசியே. நிறுத்தினா அவளுக்கு எதைப் பொங்கிப் போடுறது? தொழில் நிக்கக் கூடாது, புகை நிக்கணும். அதுக்கு உங்க ஆபீஸ்ல என்னா பாரம் இருக்கோ அதக் குடுங்க."

அப்படி ஒரு பாரம் இல்லை. எந்த ராஜ்யத்திலும் இல்லை. ஆனால் நூலகத்தில் சுரங்கத் தொழில் பற்றிய பழைய பிரெஞ்சுப் புத்தகம் ஒன்று இருந்தது. அதைக் கடைசியாக யாரோ எடுத்தது எந்தக் கவர்னர் காலத்திலோ. தங்கம் எடுக்கிற தேசங்களில் பாதரசப் புகையால் ஆட்கள் நடுங்குவதையும், கழுவின சேறு ஆறுகளை மூடுவதையும் அது நாலு பக்கத்தில் வர்ணித்து, இதெல்லாம் தவிர்க்கக்கூடியதே என்று ஒரு பக்கத்தில் முடித்திருந்தது. அந்த ஒரு பக்கத்தைத் தமிழில் எழுதிக்கொண்டு வந்து உங்களுக்குப் படித்தேன். உருண்டையை மூடியுள்ள பாத்திரத்தில் வைக்கவேண்டும். மூடியின் விளிம்பை மண்ணாலும் சாம்பலாலும் பூசி அடைக்கவேண்டும். மூடியிலிருந்து ஒரு குழாய் சரிவாகக் கீழே இறங்கவேண்டும். குழாய் குளிர்ந்த நீரில் நனைந்தபடி இருந்தால், உள்ளே வரும் புகை மறுபடியும் பாதரசமாகித் தொட்டியில் சொட்டும்.

நீங்கள் கையை உயர்த்தி என்னை நிறுத்தினீர்கள்.

"இது சாராயப் பானைதான?"

உங்கள் வீட்டுக்காரர் சிரித்த சத்தம் தெருவுக்குக் கேட்டிருக்கும். நம் ஊரில் இதைப் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்ட ஒரே ஆள் நான்தான். மற்ற எல்லாருக்கும் இந்த வித்தை தெரிந்திருந்தது, வேறு காரியத்துக்காக.

தெரிந்த வித்தை என்பதால்தான் தப்பு செய்தோம். உழவர்கரையில் உங்கள் சித்தப்பா மகனிடம் நல்ல செப்புக் குழாய் ஒன்று இருந்தது. அது எங்கிருந்து வந்தது என்று நான் கேட்கவில்லை. அரசு ஊழியன் கேட்காமல் இருக்கவேண்டிய கேள்விகளில் அது ஒன்று. சாராயத்துக்குச் செம்புதான் சிறந்தது என்பதில் ஊரே ஒருமனதாக இருந்தது. முதல் நாள் தொட்டியில் பாதரசம் சொட்டியது. நாம் மூவரும் ஏதோ ராக்கெட் விட்டவர்கள்போல ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். இரண்டாம் வாரம் குழாயின் வளைவு வெளுத்தது. மூன்றாம் வாரம் பற்றவைத்த இடம் கரைந்து, குழாய் இரண்டாகி, புகை நேராக உங்கள் முகத்துக்கு வந்தது. தங்கத்தை விழுங்குகிற பாதரசத்துக்குச் செம்பின் மேல் மட்டும் என்ன மரியாதை?

புத்தகத்தை மறுபடியும் பார்த்தேன். குழாய் இரும்பாகத்தான் இருக்கவேண்டும் என்று அடிக்குறிப்பில் இருந்தது. நான் அடிக்குறிப்பு படிக்கிறவன் இல்லை.

இதை உங்களிடம் வந்து சொன்னேன். நீங்கள் மூக்கையும் கண்ணையும் கழுவிக்கொண்டு திண்டாடிக்கொண்டிருந்தீர்கள். "சின்ன எழுத்துல போட்டிருந்தானா?" என்று கேட்டீர்கள். ஆமாம் என்றேன். "முக்கியமானத எல்லாம் ஏன் சின்ன எழுத்துல போடுறானுங்க? சரி, இரும்பு எங்க கெடைக்கும், அதச் சொல்லுங்க." அத்தோடு சரி. அந்தத் தப்பைப் பற்றி அதற்குப் பிறகு நீங்கள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

நாட்கள் போய்க்கொண்டிருந்தன. தண்ணீர்க் குழாய் கேட்டு நகராட்சிக் கிடங்குக்கு எழுதினேன். எந்தக் கிணற்றுக்கு என்று கேட்டுப் பதில் வந்தது. நீங்கள் பழைய இரும்புக் கடைக்குப் போய், அரை மணி நேரத்தில் ஒரு குழாயோடு திரும்பிவிட்டீர்கள். துரு பிடித்த பழைய துப்பாக்கியின் குழல். எந்தச் சிப்பாய் விட்டுப்போனதோ. ஓட்டையில்லாத இரும்பு, ஒட்டுப்போட்ட இடமே கிடையாது. கொல்லர் ஒருவர் அதன் அடைத்த முனையைத் திறந்து, ஒரு சிறு இரும்புச் சட்டியின் மூடியில் இறுக்கிக் கொடுத்தார். எதற்கு என்று அவர் கேட்டதற்கு, "பொண்ணு வளைகாப்புக்கு" என்று சொன்னீர்களாம். அவர் மறுகேள்வி கேட்கவில்லை.

பத்து நாள் எல்லாம் ஒழுங்காக நடந்தது. வெள்ளிக்கிழமை மகள் வருகிறாள் என்றால் புதன்கிழமை கலால் சேவகர்கள் வந்தார்கள்.

எனக்கு ஆள் அனுப்பினீர்கள். நான் வந்து சேரும்போது இரண்டு சேவகர்கள் பின்கட்டில் நின்று அடுப்பைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எல்லைக்கு அந்தப் பக்கம், மதராஸ் மாநிலத்தில், மதுவிலக்கு. இந்தப் பக்கம் லைசென்சு. அதனால் பானையும் குழாயும் தொட்டியும் ஓரிடத்தில் சேர்ந்திருந்தால் அவர்களுக்கு மூக்கு வியர்த்துவிடும்.

"பானை, கொழாய், தொட்டி. மூணும் கரெக்டா இருக்கு. எத்தினி நாளா நடக்குது?" என்றார் மூத்த சேவகர்.

"பத்து நாளா" என்றீர்கள், பெருமையாக.

"அப்போ ஒத்துக்கிற?"

"ஒத்துக்காம? நான்தான வெச்சேன்."

அவர் குழாயைத் தட்டிப்பார்த்தார். குனிந்து அதன் வாயைப் பார்த்தார்.

"இது என்னா, துப்பாக்கி கணக்கா இருக்குது?"

"துப்பாக்கிதான்."

அவர் தன் வேலையில் எத்தனையோ சாராயப் பானைகளைப் பார்த்திருப்பார். துப்பாக்கிகளும் ஒன்றிரண்டு பார்த்திருப்பார். இரண்டும் கல்யாணம் செய்துகொண்டு குடித்தனம் நடத்துவதை அன்றைக்குத்தான் பார்த்தார். நான் முன்னால் போய், சுகாதார அலுவலகத்துக்கு இது தெரியும் என்றேன். "எழுத்துல இருக்கா?" என்றார். இல்லை. சட்டியையும் குழாயையும் எடுத்துப் போகச் சொல்லி இளைய சேவகருக்குக் கண் காட்டினார்.

அப்போது உங்கள் வீட்டுக்காரர் ஏதோ சொல்ல எழுந்தார். அவர் கையில் தண்ணீர்க் குவளை இருந்தது. அன்றைக்கு யார் ஊற்றினார்களோ, நிறைய ஊற்றியிருந்தார்கள். தண்ணீர் இரண்டு பக்கமும் சிந்தியது.

"பாருடா இவர. காலங்காத்தாலயே ஏத்திக்கினு, கை எப்டி ஆடுது பாரு" என்றார் மூத்த சேவகர்.

அதுவரை விளையாட்டாகப் பேசிக்கொண்டிருந்த நீங்கள் அந்த இடத்தில் நின்றுவிட்டீர்கள். குவளையை அவர் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்தீர்கள். குரலை உயர்த்தவில்லை.

"ஐயா, இவரு ஒரு சொட்டு சாராயம் தொட்டதில்ல. இந்தக் கை இப்டி ஆனது தொறந்த அடுப்பால. அதுக்கு மூடி போட்டதுதான் இந்தப் பான. இவருக்கு நேரம் தப்பிடுச்சி. எம் பொண்ணு நாளான்னிக்கு ஏழு மாசத்தோட வர்றா. அவ வயித்துல இருக்கிறதுக்கு இன்னும் நேரம் இருக்குது. இதத் தூக்கிக்கினு போனீங்கன்னா நாளைக்கு நான் மறுபடியும் தொறந்த அடுப்புலதான் குந்தணும்."

சேவகர் சட்டியின் மூடியைத் திரும்பிப் பார்த்தார்.

"உங்களுக்குச் சந்தேகம்னா இப்பயே பத்த வைக்கிறேன். என்னா வருதோ அத நீங்களே குடிச்சிப் பாத்துட்டு எழுதுங்க."

பற்றவைத்தீர்கள். நாங்கள் எல்லாரும் பலகையில் வரிசையாக உட்கார்ந்திருந்தோம், கச்சேரி கேட்க வந்தவர்கள்போல. சட்டியின் விளிம்பில் எங்காவது புகை கசிகிறதா என்று நீங்கள் ஈர மண்ணோடு சுற்றி வந்தீர்கள். கசியவில்லை. கொஞ்ச நேரத்தில் குழாயின் வாயிலிருந்து தொட்டித் தண்ணீரில் முதல் துளி விழுந்தது. கனமாக, சத்தமில்லாமல், நேரே அடிக்கு. பிறகு இன்னொன்று. மூத்த சேவகர் குனிந்து பார்த்தார். ஆசை விட்டுப்போகிற முகத்தோடு கேட்டார்.

"இதக் குடிக்க முடியாதா?"

"குடிக்கலாம். ஒரு தடவ."

இளைய சேவகர் சிரித்துவிட்டார். மூத்தவர் தன் பாரத்தை எடுத்தார். கைப்பற்றிய சாராயம் எவ்வளவு என்று அதில் ஒரு கட்டம் இருந்தது. நெடுநேரம் யோசித்து, "வெள்ளை நிறம், வாசனை இல்லை" என்று எழுதினார். துப்பாக்கியைப் பற்றி என்ன எழுதப் போகிறார் என்று கேட்டேன். "அது வேற இலாகா" என்றார். சட்டியும் குழாயும் இருந்த இடத்திலேயே இருந்தன. வாசலில் செருப்பை மாட்டும்போது அவர் உங்கள் வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்து, "பெரியவரே, தப்பா எடுத்துக்காதீங்க" என்றார். அந்த நாளில் எழுதப்படாத ஒரே உத்தரவு அது. ஒழுங்காக இருந்த ஒரே உத்தரவும் அதுதான்.

வெள்ளிக்கிழமை மகள் வந்தாள், இரண்டு கை நிறைய வளையலோடு. அதற்குள் அடுப்படியைச் சுற்றியிருந்த மண்ணை ஒரு முழம் தோண்டி எடுத்து, மூடியுள்ள பீப்பாயில் போட்டு, சுவருக்கெல்லாம் சுண்ணாம்பு அடித்துவிட்டீர்கள். அந்த மூன்று மாதம் அவள் பின்கட்டுப் பக்கம் வரக்கூடாது என்று உத்தரவு. பாதரசம் பிசைகிற புடவையோடு நீங்கள் அவள் அறைக்குள் போகவும் மாட்டீர்கள். "எங்கம்மாவுக்கு என்ன புதுசா மடி ஆசாரம்?" என்று அவள் என்னைக் கேட்டாள். ஐப்பசியில் நல்லபடியாகப் பெண் குழந்தை பிறந்தது. பெயர் வைக்கிற அன்று உங்கள் வீட்டுக்காரர் சொன்ன ஒரே யோசனை: "என்னா பேரு வேணும்னாலும் வெய்யி. தங்கம்னு மட்டும் வேணாம்."

அத்தோடு முடிந்தது என்று நான் நினைத்தேன். என் கணக்கில் அது முடிந்தும்விட்டது.

தேங்காய்த்திட்டிலிருந்து கூடை சுமந்து வரும் மீன்காரப் பெண்ணிடம் நீங்கள் ஒருநாள் மீன் வாங்கிக்கொண்டிருந்தீர்கள், நான் திண்ணையில் இருந்தேன். பெரிய வாய்க்காலில் போகிற தண்ணீர் கடைசியில் எங்கே போகிறது என்று அவளைக் கேட்டீர்கள். "எங்க கழிமொகத்தாண்டதான். மழ பேஞ்சா உங்க ஊரு அழுக்கு பூரா எங்களுக்குச் சீர் வரிசை" என்றாள் அவள். வாங்கின மீனைக் கையில் வைத்துக்கொண்டே என்னிடம் திரும்பினீர்கள்.

"முசியே, அலசின தண்ணியோட எவ்ளோ பாதரசம் ஓடியிருக்கும்? அது மீனுக்கு என்னா பண்ணும்?"

"புத்தகத்துல அதப்பத்தி ஒண்ணும் இல்ல அக்கா."

"புஸ்தகத்துல இல்லன்னா மீனுக்கு ஒண்ணும் ஆவாதா?"

காகிதத்தில் இல்லாதது உலகத்தில் இல்லை என்ற நம்பிக்கையில் நடக்கிற அலுவலகத்தில் எனக்குச் சம்பளம். பதில் வரும்வரை காத்திருக்கிற வழக்கம் உங்களுக்கு இல்லை. உங்கள் வீட்டுக்காரர் மூன்று தொட்டி கட்டச் சொன்னார். அலசின நீர் முதல் தொட்டியில் தங்கி, மேல்நீர் மட்டும் இரண்டாவதற்கு வழிந்து, அங்கேயும் தெளிந்து, மூன்றாவதற்குப் போகும். அடியில் படிகிற சேற்றை வழித்து மூடி வைப்பது. "கோலார்ல மண்ண மலையா குவிச்சாங்க. காத்து வந்துச்சின்னா சோத்துத் தட்டுல மாவா விழும். குவிக்கக் கூடாது, மூடணும்" என்றார். தெளிந்த நீரைக்கூடச் சாக்கடையில் விடாமல் மறுபடி அலசவே எடுத்துக்கொண்டீர்கள்.

உங்கள் அடுப்பு மூடியாகிவிட்டது. ஆனால் இருபுறமும் ஐந்து அடுப்புகள் திறந்திருந்தன. சுவர் எங்கே இருக்கிறது என்று புகைக்குத் தெரியாது. நீங்கள் வீடு வீடாகப் போக ஆரம்பித்தீர்கள். கையில் ஒரு சீசா, அதில் தொட்டியிலிருந்து எடுத்த பாதரசம். "பாரு, புகையா போவ வேண்டியது. பிடிச்சி வெச்சிருக்கேன், மறுபடியும் பிசையலாம்" என்று காட்டுவீர்கள். நோய் என்றால் நம்பாதவர்கள் சீசாவை நம்பினார்கள். முதல் வருஷம் ஒரு வீடு. அடுத்த வருஷம் இரண்டு. என்னையும் கூட்டிக்கொண்டு போவீர்கள். "முசியே வாயத் தொறக்க வேணாம், சும்மா நில்லுங்க. கவர்மெண்டு நிக்குதுன்னு நெனைச்சிக்கட்டும்." எந்தக் கவர்மெண்டு என்று யாரும் கேட்கவில்லை. நல்லவேளை, எனக்கும் தெரியாது.

மூலை வீட்டுப் பெரியவர்தான் அசையவில்லை. புகையில் போகிற பாதரசத்தோடு தங்கத்தின் அழுக்கும் போகிறது, மூடினால் அழுக்கு உள்ளேயே நின்றுவிடும் என்பது அவர் கட்சி.

"முப்பது வருசமா இந்தப் புகைய இழுக்கிறேன். எனக்கு என்னா ஆயிடுச்சி? வெறும் புகை."

"உனக்கு ஒண்ணும் ஆவல மாமா. உன் சுவத்துக்கு இந்தாண்ட இருக்கிறவங்களக் கொஞ்சம் எண்ணிப் பாரேன்."

"நீ எண்ணு. உனக்குத்தான் வேல இல்ல."

அவர் வீட்டுக்கு எத்தனை தடவை போனீர்கள் என்று எனக்குத் தெரியாது. போகும்போது கோபமாகப் போவீர்கள். திரும்பும்போது அவர் மனைவி கொடுத்த கீரையோடு வருவீர்கள்.

போன வருஷம் உங்கள் கால் வீங்கியது. பிறகு முகம். சிறுநீரகம் கெட்டுவிட்டது என்றார் ஆஸ்பத்திரியில் டாக்டர். எவ்வளவு காலமாக இந்தத் தொழில் என்று கேட்டார். சொன்னேன். அதைச் சீட்டில் எழுதிக்கொண்டார். என் செப்புக்குழாய் உடைந்த அன்றைக்கு உங்கள் முகத்தில் அடித்த புகை இதில் எத்தனை பங்கு என்று அவரிடம் கேட்க வாயெடுத்தேன். நீங்கள் கட்டிலிலிருந்து முறைத்தீர்கள்.

"அதெல்லாம் மூடி போடுறதுக்கு முன்னாடி சேத்து வெச்சது முசியே. இருவது வருசத்துச் சேமிப்பு. உங்க கொழாயி அதுல ஒரு நாளு. அத வெச்சிக்கினு ஊட்டுல குந்திடாதீங்க."

கடைசியாகப் பேசியபோதும் வீடுகளைத்தான் எண்ணிக்கொண்டிருந்தீர்கள். வாசல் பக்கம் பேத்தி விளையாடிக்கொண்டிருந்தாள். ஐந்து வயசு, உங்களைப்போலவே வாய். அவளை ஒரு தடவை பார்த்துவிட்டு, "ஆறுல அஞ்சு ஆச்சி" என்றீர்கள். "மூல ஊடு மட்டும் பாக்கி. அத நீங்க பாத்துக்கோங்க."

"நான் என்ன சொன்னா அவர் கேப்பார் அக்கா?"

"ஒண்ணும் சொல்லாதீங்க. சொல்லிச் சொல்லி நான் பாத்துட்டேன். போய் நில்லுங்க."

கொடி மாறி எட்டு வருஷத்துக்குப் பிறகு, இப்போதுதான் ஒப்பந்தக் காகிதத்திலும் நாம் இந்தியாவாகிவிட்டோம் என்கிறார்கள். செஃப் ஓய்வு பெறப் போகிறார். புதிய சட்டங்கள் வரும். அவற்றில் பாதரசப் புகைக்கு ஒரு வரி இருக்குமா என்று தேடுவேன், இந்தத் தடவை அடிக்குறிப்போடு. இல்லாவிட்டால், இருக்கவேண்டும் என்று எழுதுவேன். அது நடக்க நாளாகும். அதுவரை எனக்கு வியாழக்கிழமை இருக்கிறது.

மூலை வீட்டில் உருண்டை சுடுவது வியாழக்கிழமை மத்தியானம். ஒன்பது மாதமாக நான் சாப்பாட்டு நேரத்தில் அங்கே போகிறேன். அவர் அடுப்புக்குப் பக்கத்தில், அவர் உட்கார்ந்திருக்கிற தூரத்திலேயே நான் நிற்கிறேன். எனக்குப் பயம்தான், மூக்கில் கைக்குட்டை வைத்துக்கொள்ளலாமா என்று ஒவ்வொரு தடவையும் தோன்றும். வைத்துக்கொள்வதில்லை. முதல் நாள் என்ன வேணும் என்று கேட்டார். ஒண்ணும் வேணாம் மாமா என்றேன். பிறகு கேட்கவில்லை. அவர் விசிறுவார், நான் நிற்பேன், மஞ்சள் தெரிந்ததும் கும்பிட்டுவிட்டு அலுவலகத்துக்குத் திரும்புவேன்.

போன வியாழக்கிழமை கடல்காற்று சீக்கிரமே திரும்பிவிட்டது. அடுப்பிலிருந்து எழுந்த புகை ஒரு வளைவு வளைந்து என் பக்கம் வந்தது. பெரியவர் விசிறியை நிறுத்தினார்.

"முசியே, தள்ளி நில்லுங்க. உங்க மேல படுது."

உங்களிடம் இத்தனை வருஷம் அது வெறும் புகை என்று சொன்னவர், அக்கா.

"பட்டா என்னா மாமா?" என்றேன்.

அவர் அடுப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், விசிறியைக் கீழே வைத்தார். உள்ளே அவர் மனைவி பாத்திரம் தேய்க்கிற சத்தம் நின்றுவிட்டது. நெருப்பு தானாக அடங்கும்வரை நாங்கள் இருவரும் அப்படியே இருந்தோம்.

நான் நகரவில்லை. வருகிற வியாழக்கிழமையும் அங்கேதான் நிற்பேன், காற்று எந்தப் பக்கம் அடித்தாலும்.